பொன்னாடைக்கு அப்புறம் என்ன மிஞ்சும்?

ஒரு பல்கலைக்கழகத்தோட பாடகர் குழு வெளிநாட்டுக்குக் கச்சேரி பண்ணப் போகுதுன்னு செய்தி வந்தா, கூடவே ஒட்டிக்கிட்டு ஒரு வார்த்தையும் வரும். 'கலாச்சாரப் பரிமாற்றம்'. இவங்க நாலு பாட்டு பாடுவாங்க, அவங்க நாலு பாட்டு பாடுவாங்க. அந்த ஊர் மேயர் வந்து பேசுவார். நினைவுப் பரிசு, பொன்னாடை, குரூப் போட்டோ. மறுநாள் காலையில பஸ் ஏறி அடுத்த ஊர்.

இதுல எது எங்கே பரிமாறப்பட்டதுன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். பந்தியில பரிமாறினா இலையில சோறாவது இருக்கும்.

இந்தச் சமாச்சாரமே வெத்து, எல்லாம் ஊர் சுத்துற வேலைன்னு நான் சொல்ல வரலை. பரிமாற்றம் நடக்கிறது உண்டு. ஆனா மேடைக்கு முன்னால முதல் வரிசையில யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்து அதை அளக்கிறோம் பாருங்க, அங்கேதான் தப்பு. அந்தப் பாட்டு கடைசியில யார் வீட்டுல போய்த் தங்குச்சுன்னு பார்க்கணும். இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம், 150 வருஷத்துக்கு முந்தின ஒரு காலேஜ் குழு. ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ்.

கொஞ்சம் நீளமான கதைதான். பொறுமையாப் படிங்க.

அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் முடிஞ்சு அடிமை முறை ஒழிஞ்ச கையோட, 1866-ல் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் ஃபிஸ்க் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. நேத்து வரைக்கும் எழுத்துக் கத்துக்கிறதே குற்றம்னு இருந்த மக்களுக்கான பள்ளிக்கூடம். போர்க்கால ராணுவ ஆஸ்பத்திரிக் கொட்டகைகளில் வகுப்பு. பேரனும் தாத்தாவும் ஒண்ணா உட்கார்ந்து படிச்ச இடம். அடுத்த வருஷமே பல்கலைக்கழகம்னு பதிவும் பண்ணிட்டாங்க. பேர் பெரிசு, கையில காசு இல்லை. அஞ்சு வருஷத்துல கடன் கழுத்தை நெரிச்சு, இழுத்து மூடுற நிலைமை வந்துடுச்சு.

அங்கே கணக்குவழக்கும் பார்த்துக்கிட்டு சங்கீதமும் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்த ஜார்ஜ் ஒயிட்ங்கற வெள்ளைக்கார வாத்தியாருக்கு ஒரு யோசனை. பசங்க நல்லாப் பாடுறாங்க, ஊர் ஊராக் கூட்டிட்டுப் போய்ப் பாட வைச்சு நிதி திரட்டலாம். பள்ளியை நடத்தின மிஷன் சங்கம் ஆதரவு தரலை. கஜானாவில் இருந்த மிச்சம் மீதியை எடுத்துக்கிட்டு 1871 அக்டோபர் 6-ம் தேதி கிளம்பிட்டாங்க. ஒன்பது பாடகர்கள். பெரும்பாலானவங்க அடிமைகளாப் பிறந்தவங்க. பெஞ்சமின் ஹோம்ஸ்னு ஒருத்தர், சார்ல்ஸ்டன் நகரத்து அடிமைக் கொட்டடியில அடைபட்டுக் கிடந்தப்போ லிங்கனோட விடுதலைப் பிரகடனத்தைச் சக கைதிகளுக்கு வாசிச்சுக் காட்டியவர். பியானோ வாசிச்ச எல்லா ஷெப்பர்ட், குழந்தையா இருக்கும்போது சொந்த அப்பாவே விலை கொடுத்து வாங்கி மீட்ட பொண்ணு.

கவனிங்க, இங்கே கலாச்சாரப் பரிமாற்றம்னு ஒரு எண்ணமே கிடையாது. கடன் அடைக்கணும். அவ்வளவுதான். ஆனா கிளம்பின சில நாள்லயே சிகாகோ நகரம் தீப்பிடிச்சு எரிஞ்ச செய்தி வந்தப்போ, ஒஹாயோவில் ஒரு கச்சேரியில வசூலான ஐம்பது டாலருக்கும் குறைவான காசை அப்படியே தீ விபத்து நிதிக்குக் கொடுத்துட்டாங்க. தங்களுக்கே சாப்பாட்டுக்கு வழியில்லாத நேரத்துல. பல ஊர்கள்ல ஓட்டல்காரங்க கறுப்பர்னு இடம் தர மறுத்தாங்க. அப்புறம் கொலம்பஸ் நகரத்துலதான் குழுவுக்கு 'ஜூபிலி'ன்னு பேர் வைச்சாங்க. பைபிள்ல லேவியராகமத்துல, ஐம்பதாவது வருஷம் அடிமைகள் விடுதலையாகிற யூபிலி வருஷம்னு வருமே, அது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். என்ன பாடினாங்க?

ஆரம்பத்துல வெள்ளைக்காரங்களுக்குப் பழக்கமான பாட்டுக்களைத்தான் பாடினாங்க. 'பாருங்க, நாங்களும் இதெல்லாம் பாடுவோம்'னு காட்டுறதுக்கு. தோட்டங்கள்ல பருத்தி எடுத்துக்கிட்டே அப்பா அம்மா பாடின பாட்டுக்கள், இன்னைக்கு 'ஸ்பிரிச்சுவல்'னு சொல்றோமே, அதெல்லாம் வெளியில பாடவே அவங்களுக்கு இஷ்டமில்லை. எல்லா ஷெப்பர்ட் பின்னாடி இதை எழுதி வைச்சிருக்காங்க. அந்தப் பாட்டுக்கள் அடிமை வாழ்க்கையை ஞாபகப்படுத்துச்சு, பெத்தவங்களுக்கு அது வழிபாடு மாதிரி புனிதமானது, அதைக் கச்சேரியில பாடுவோம்னு கனவுலயும் நினைக்கலைன்னு. நாற்காலி கூடப் போதாத அறையில தரையில உட்கார்ந்து, மெதுவான குரல்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்துக்கிட்டாங்களாம்.

அந்தத் தயக்கம் எனக்கு ரொம்பப் புரியுது. அந்தக் காலத்து அமெரிக்காவுல 'மின்ஸ்ட்ரல்'னு ஒரு கேளிக்கை உண்டு. வெள்ளைக்காரன் மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டுக் கறுப்பன் மாதிரி கோணங்கித்தனம் பண்ணுவான், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். மேடையில கறுப்பு முகம்னா அது சிரிப்புக்குத்தான்னு பழகிப்போன சனங்க முன்னாடி, செத்துப்போன பாட்டியோட பிரார்த்தனையை எப்படி எடுத்து வைப்பீங்க? 'உங்க கலாச்சாரத்தைக் காட்டுங்க'ன்னு கேட்கிறவங்களுக்கு அது ஒரு அயிட்டம். காட்டுறவனுக்கு அது வீட்டு உள்ளறை.

ஆனா பாடினாங்க. நவம்பர் மாசம் ஓபர்லின்ல பாதிரிமார்கள் கூடின ஒரு மாநாட்டுல 'ஸ்டீல் அவே' பாடினப்போ அந்தக் கூட்டம் அப்படியே அடங்கிப் போச்சுன்னு சொல்வாங்க. கோணங்கித்தனம் கிடையாது, கையைக் காலை ஆட்டுறது கிடையாது. நிமிர்ந்து நின்னு, கேட்கிறவன் காதைத் தீட்டிக்கணுங்கற அளவுக்கு அடக்கமான குரல்ல ஆரம்பிக்கிற பாட்டு. 'நீ சிரிக்க வந்தே, நான் உன்னைச் சிரிக்க விடமாட்டேன்'ங்கற மாதிரி. எதைக் காட்டணும், எப்படிக் காட்டணுங்கறதுல தங்களுக்கும் ஒரு பிடி இருக்கணும்னு அவங்க வைராக்கியமா இருந்தாங்கன்னு நான் நினைக்கிறேன். அந்தப் பிடி இல்லாம போயிருந்தா அதுவும் இன்னொரு மின்ஸ்ட்ரல் கூத்தாத்தான் முடிஞ்சிருக்கும்.

அப்புறம் எல்லாம் ஏறுமுகம். 1872-ல் வெள்ளை மாளிகையில ஜனாதிபதி கிராண்ட் முன்னாடி. 1873-ல் கப்பலேறி இங்கிலாந்து. மே 7-ம் தேதி ஆர்கைல் கோமகன் வீட்டில் விக்டோரியா மகாராணி கேட்டார். பிரதமர் கிளாட்ஸ்டன் விருந்து வைச்சார். சொந்த நாட்டுல ஓட்டல் அறை கிடைக்காதவங்க இங்கே பிரபுக்களோட சமமா மேஜையில உட்கார்ந்தாங்க. அடுத்த பயணத்துல நெதர்லாந்து, ஜெர்மனி. ஏழு வருஷத்துல மொத்தம் சுமார் 1,50,000 டாலர் திரட்டினாங்க. அந்தப் பணத்துல எழும்பின ஜூபிலி ஹால் 1876 ஜனவரி 1-ம் தேதி திறந்தாங்க. இன்னைக்கும் நிக்குது.

மலர்மாலை பொன்னாடைக் கணக்குல பார்த்தா இதுதான் உச்சம். ராணியே கேட்டாச்சே, இதுக்கு மேல என்ன வேணும்?

எனக்கென்னவோ இந்த இடம்தான் இருக்கிறதுலயே வறட்சியான இடமாத் தெரியுது. ஏன்னா, ஐரோப்பா கைதட்டிக்கிட்டிருந்த அதே 1877-ல்தான், போருக்கப்புறம் தெற்கு மாநிலங்கள்ல கறுப்பர்களுக்குக் கிடைச்ச உரிமைகளைக் காவல் காத்த மத்திய ராணுவத்தை அமெரிக்க அரசு விலக்கிக்கிச்சு. ஓட்டுரிமையிலிருந்து ரயில் பெட்டி வரைக்கும் ஒண்ணொண்ணா பறிபோக ஆரம்பிச்சுது. லண்டன் கைதட்டல் நாஷ்வில்லுல ஒரு ஆணியைக் கூட அசைக்கலை.

கட்டிடம் வந்துச்சு, சரி. பாடினவங்க? வருஷக்கணக்கா ஓயாத பயணம், குளிர், தினம் கச்சேரி. பலர் உடம்பு கெட்டுப் படுத்தாங்க. முதல் குழுவுல பலருக்குப் படிப்பைத் தொடரவே வழியில்லாமப் போச்சு. அடிமைக் கொட்டடியில பிரகடனம் வாசிச்ச ஹோம்ஸ் காசநோயில போய்ச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தைக் காப்பாத்தப் போனவங்களுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு கிடைக்கலை. மாணவர் குழு வெளிநாட்டுப் பயணம்னா, பேர் நிறுவனத்துக்கு, களைப்பு பிள்ளைங்களுக்குங்கற கணக்கு அன்னைக்கே ஆரம்பிச்சுடுச்சு. 1878-ல் ஃபிஸ்க் நிர்வாகம் குழுவைக் கலைச்சது.

சரி, அப்ப பரிமாற்றம் எங்கேதான் நடந்துச்சு?

குழுவில் 1875-ல் சேர்ந்த ஃப்ரெடரிக் லவுடின்னு ஒரு பாஸ் குரல் பாடகர். சொந்த ஊர் சர்ச்சுக்குத் தவறாம காணிக்கை கொடுத்தவரை, கறுப்பர்னு சொல்லி அந்த சர்ச் கொயர்ல சேர்க்கலை. அந்த மனுஷன், பல்கலைக்கழகம் கைகழுவின பிறகு, குழுவைத் தன் பொறுப்புல எடுத்து, 1884-லிருந்து ஆறு வருஷம் உலகம் சுத்தினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, ஜப்பான்னு. நம்ம தாஜ்மகாலுக்குள்ள கூடப் பாடியிருக்காங்க.

ஆனா நான் சொல்ல வந்தது தாஜ்மகால் இல்லை. ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆத்தங்கரையில மலோகான்னு ஒரு மிஷன் குடியிருப்பு. நிலத்தைப் பறிகொடுத்த யோர்த்தா யோர்த்தா பழங்குடி மக்களை வைச்சிருந்த இடம். 1886-ல் இந்தக் குழு அங்கே போய்ப் பாடுச்சு. மேயர் இல்லை, கோமகன் இல்லை, வசூலும் இல்லை. பாடினதுல ஒண்ணு, பார்வோனோட சேனை செங்கடல்ல மூழ்கின கதை. அந்த மக்கள் அந்தப் பாட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. தங்க மொழியில மாத்திக்கிட்டாங்க. 'நாரா பர்ரா ஃபெர்ரா'ன்னு அதுக்குப் பேர். தலைமுறை தலைமுறையாப் பாடி, 2012-ல் வந்த 'தி சஃபையர்ஸ்' படம் வரைக்கும் வந்துடுச்சு.

இதுல நமக்கு ஒரு நூல் இருக்கு. அந்த மொழிமாற்றத்தோட சேர்த்துச் சொல்லப்படுற ஒரு பேர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். மலோகா பள்ளிக்கூடத்து வாத்தியார். மொரீஷியஸ்ல பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். அங்கேயே கல்யாணம் பண்ணி அந்த மக்கள்ல ஒருத்தரா ஆனவர். அவரால உருவான தலைமுறையிலிருந்துதான் ஆஸ்திரேலியப் பழங்குடி உரிமைப் போராட்டத்தோட முன்னோடித் தலைவர்கள் வந்தாங்க. யோசிச்சுப் பாருங்க. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டவங்களோட பாட்டு, ஆஸ்திரேலியாவில் மண்ணைப் பறிகொடுத்தவங்க வாயில, இந்திய வம்சத்து வாத்தியார் ஒருத்தர் பங்கோட. இதை எந்தத் தூதரகமும் திட்டம் போட்டு நடத்தியிருக்க முடியாது. அந்த மக்களுக்குப் பார்வோன் யாருன்னு யாரும் விளக்கவும் வேண்டியிருக்கலை.

இன்னொண்ணும் சொல்லணும். லவுடின் குழுவுல இருந்த ஓர்ஃபியஸ் மெக்காடூ பிரிஞ்சு தனிக் குழு சேர்த்து 1890-ல் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே கறுப்பர்கள் பாஸ் இல்லாமல் நடமாட முடியாத கொடுமையைப் பார்த்துட்டுத் தான் படிச்ச கல்லூரித் தலைவருக்குக் கடிதம் எழுதினார். கிம்பர்லி நகரத்துல அவங்க கச்சேரியைக் கேட்டவங்கள்ல சார்லட் மான்யேன்னு ஒரு இளம்பெண். அந்த உந்துதல்ல அங்கேயே ஒரு ஆப்பிரிக்கப் பாடகர் குழு உருவாகி 1891-ல் இங்கிலாந்து போச்சு. அதே விக்டோரியா ராணி முன்னாடி பாடுச்சு. அப்புறம் அமெரிக்கா போனப்போ, கூட்டிட்டுப் போன ஆட்கள் நடுவழியில விட்டுட்டாங்க. கையில காசில்லாத பாடகர்கள். அங்கிருந்த கறுப்பர் சபை ஒண்ணு உதவி பண்ணி, சார்லட் ஒஹாயோவில் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்துல சேர்ந்தாங்க. அங்கே பாடம் எடுத்தவர்கள்ல ஒருத்தர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். அவர் எங்கே படிச்சவர்? ஃபிஸ்க்ல! 1888-ல் பட்டம் வாங்கினவர்.

சார்லட் மக்ஸேகேன்னு பின்னாடி பேர் வாங்கின அவங்கதான் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்கள்ல முதல் பட்டதாரி. 1913-ல் பெண்கள் மேல பாஸ் சட்டத்தைத் திணிச்சதை எதிர்த்த போராட்டத்துல முன்னணியில நின்னவங்க. மெக்காடூ பார்த்துக் கொதிச்ச அதே பாஸ். பாட்டு ஒரு சுத்து சுத்தி எங்கே வந்து நிக்குது பாருங்க.

உடனே, 'அப்ப பாட்டு எங்கே போனாலும் நல்லதுதான்'னு முடிவு கட்டிடாதீங்க. எதிர் உதாரணமும் இதே குழுகிட்ட இருக்கு. அவங்க உலகறியச் செஞ்ச 'ஸ்விங் லோ' பாட்டு இங்கிலாந்துல நல்லாவே தங்குச்சு. எங்கே? ரக்பி மைதானத்துல. 1988-லிருந்து இங்கிலாந்து அணிக்கு அது உற்சாகப் பாட்டு. பப்புகள்ல கொச்சையான சைகையோட பாடுறதும் உண்டு. சாவுக்கப்புறமாவது விடுதலை கிடைக்காதான்னு ஏங்கின ஒரு பாட்டு, பீர் குவளையோட. 2020-ல் தான் ரக்பி சங்கமே இதைப் பத்தி யோசிக்கணும்னு சொல்ல ஆரம்பிச்சுது. அங்கே பாட்டு போய்ச் சேர்ந்துச்சு, அதை யார் எதுக்குப் பாடினாங்கங்கற சங்கதி போய்ச் சேரலை. மலோகாவில் வாங்கினவங்க தங்க கஷ்டத்தையும் அதுக்குள்ள போட்டாங்க. ட்விக்கன்ஹாம்ல வாங்கினவங்க ஒண்ணும் போடலை. இதுதான் பரிமாற்றத்துக்கும் நினைவுப் பொருள் வாங்குறதுக்கும் உள்ள வித்தியாசம்னு எனக்குப் படுது.

சிலர் கேட்கலாம்: 'அதெல்லாம் அடிமை முறை, காலனி ஆட்சின்னு பெரிய சமாச்சாரம். பாவம், இன்னைக்கு பரீட்சை முடிஞ்சு லீவுல ரெண்டு வாரம் பாடிட்டு வர்ற பசங்க மேல ஏன் இவ்வளவு பாரத்தைத் தூக்கி வைக்கிறே?'

நியாயமான கேள்வி. மலோகா மாதிரி ஒண்ணைத் திட்டம் போட்டு நடத்த முடியாதுன்னு நானே சொல்லிட்டேன். ஆனா அது நடக்கிறதுக்கு இடம் விட்டு வைக்கலாம் இல்லையா? பத்து நாள்ல எட்டு ஊர்ங்கறதுக்குப் பதிலா ரெண்டு ஊர்ல அஞ்சஞ்சு நாள் தங்கலாம். அந்த ஊர்ப் பெரிய அரங்கத்துல ஒரு கச்சேரின்னா, அந்த அரங்கத்துக்கு டிக்கெட் வாங்கி வரமுடியாதவங்க இருக்கிற இடத்துல இன்னொண்ணு வைக்கலாம். அங்கே பாடிட்டுக் கிளம்பாம, ஒரு பாட்டைக் கத்துக் கொடுத்துட்டு ஒண்ணைக் கத்துக்கிட்டு வரலாம். நிகழ்ச்சித் தாள்ல பாட்டோட பேரை மட்டும் போடாம, அதை யார் எப்ப ஏன் பாடினாங்கன்னு நாலு வரி போடலாம். போட்டிருந்தா ரக்பிக்காரங்க கொஞ்சமாவது கூச்சப்பட்டிருப்பாங்க :-)

அதோட, எதைப் பாடுறதுங்கற முடிவுல பாடுற பிள்ளைங்களுக்கு ஒரு ஓட்டு வேணும். 'இதை வெளியில பாட எங்களுக்கு மனசில்லை'ன்னு ஒருத்தர் சொன்னா, அது பிடிவாதம் இல்லை. எல்லா ஷெப்பர்டும் அவங்க நண்பர்களும் மூடின கதவுக்குள்ள மெதுவாப் பாடிக்கிட்டிருந்த அந்த மாசங்கள் இல்லேன்னா, மேடையில அந்த நிமிர்வு வந்திருக்காது.

ஃபிஸ்க் குழு இன்னைக்கும் இருக்கு. 2007-ல் கானாவோட ஐம்பதாவது சுதந்திர ஆண்டுல அங்கே போய்ப் பாடினாங்க. முன்னோர்களைக் கப்பலேத்தின கரைக்கே பாட்டைத் திருப்பிக் கொண்டுபோன பயணம். 150-வது ஆண்டு ஆல்பத்துக்கு 2021-ல் கிராமி விருதும் வந்துச்சு. ஒவ்வொரு அக்டோபர் 6-ம் தேதியும் அந்த முதல் ஒன்பது பேரை நினைச்சு ஜூபிலி நாள் கொண்டாடுறாங்க.

அடுத்த தடவை ஏதாவது ஒரு பல்கலைக்கழகக் குழு பெரிய மனுஷங்களோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட செய்தியைப் படிச்சா, அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பாட்டு அந்த ஊர்ல யார் வாயிலயாவது இருக்குமான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. இப்படி வெளியூர்லேர்ந்து வந்த குழு விட்டுட்டுப் போன பாட்டு உங்க பக்கம் ஏதாவது இருந்தா, பின்னூட்டத்துல எழுதுங்க. உண்மையாவே தெரிஞ்சுக்க ஆசை.

பி.கு: முதல் குழுவுல இருந்த தாமஸ் ரட்லிங்கும் ஐசக் டிக்கர்சனும் நாடு திரும்பாம பிரிட்டன்லயே தங்கிட்டாங்க. டிக்கர்சன் எடின்பரோ பல்கலைக்கழகத்துல படிச்சுப் போதகரானார். ரட்லிங் ஹாரோகேட்ல குடியேறிப் பாட்டு வாத்தியாரா இருந்து, தன் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமா எழுதிட்டு, அங்கேயே மண்ணுக்குள்ள போனார். பாட்டு மட்டுமில்லை, சில நேரம் பாடினவரும் போன இடத்துலயே தங்கிடுறார். அதுக்குத் தனிப் பதிவுதான் போடணும்.